கூடுதல் சரக்கு

ஒரு கம்பெனியின் ஆண்டுக் கணக்கு கைக்கு வந்தால் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். முன்பக்கங்களில் முதலாளி கோட்டு போட்டுச் சிரிப்பார். விற்பனை ஏறிய கதை வரும். வாடகைக்கு விடும் வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அது. ஈரம் எங்கே ஊறுகிறது என்று தெரிய வேண்டுமானால் பின்பக்கம் போக வேண்டும். சின்ன எழுத்தில், யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு எழுதிய குறிப்புகள் அங்கே இருக்கும்.

வங்கியில் எனக்கு வைத்திருக்கும் பெயர் மோப்பம். காதுபடச் சொல்வதில்லை. நான் நடந்து போனால் எவனாவது மூக்கை உறிஞ்சுவான், அவ்வளவுதான். கடன் கேட்டு வருகிறவர்களின் கணக்கைப் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுவது என் வேலை. பல வருடம் இதையே செய்ததில், என் வீட்டுக்காரர் "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூட எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஃபேன் கம்பெனியின் கணக்கை முதல் தடவை படித்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. மேசை ஃபேன், சுவர் ஃபேன் செய்து டீலர்களுக்கு விற்கிற கம்பெனி. மூன்று வருடமாக லாபம் ஒரே சீராக ஏறியிருந்தது, கொத்தனார் நூல் பிடித்துப் படி கட்டிய மாதிரி. தொழில் அப்படி ஏறாது. ஒரு வருடம் மழை கெடுக்கும், ஒரு வருடம் செம்புக் கம்பி விலை கெடுக்கும். இவர்களை எதுவும் கெடுக்கவில்லை.

அடுத்து, வருடக் கடைசி மாதத்தில் மட்டும் விற்பனை எகிறியிருந்தது. டீலர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி அதைவிட வேகமாக எகிறியிருந்தது. கையில் பணம் வந்ததா என்று பார்த்தால், வரவில்லை. வந்ததைவிடப் போனதுதான் அதிகம். லாபம் என்பது முதலாளியும் ஆடிட்டரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லும் அபிப்பிராயம். பணம் வந்ததா இல்லையா என்பதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

அவர்களுக்கு ஏற்கெனவே எங்கள் கிளையில் ஒரு கடன் இருந்தது. சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் நம்பிக் கொடுத்தது. இப்போது அதே அளவுக்கு இன்னொன்று கேட்டார்கள். அதற்கு ஜாமீனாக முதலாளியின் அக்கா தன் வீட்டை அடமானம் வைப்பதாக ஏற்பாடு.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் என் மேசைக்கு வந்தார்கள். முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும், நல்ல பேச்சுக்காரர். அக்கா பத்து வயது மூத்தவர். உட்கார்ந்ததும் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். புருஷன் கப்பலில் வேலை பார்த்துக் கட்டிய வீடு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பென்ஷன் இல்லை. மாடியில் அவர் இருக்கிறார், கீழ்த்தளத்தின் வாடகையில் சாப்பிடுகிறார். கடன் திரும்பாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். போனால் அவருக்கு வேறு கூரை இல்லை.

"என்ன மேடம், கணக்கு எப்படி? இந்த வருஷ பேலன்ஸ் ஷீட்டை ஃபிரேம் போட்டு மாட்டலாம்னு ஆடிட்டர் சொன்னாரு," என்றார் முதலாளி.

"மாட்டுங்க. கடைசி மாசத்துல மட்டும் ஏன் இவ்வளவு விற்பனை?"

"வெயில் வருதுல்ல. டீலருங்க முன்கூட்டியே தூக்கிடுவாங்க."

"அதுக்கு முந்தின வருஷம் வெயில் வரலையா?"

அவர் சிரித்தார். "பாத்தியா அக்கா? நான் சொன்னேன்ல, மேடம் சூரியன்கிட்டயே பில் கேப்பாங்கன்னு."

அக்கா சிரிக்கவில்லை. "வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி பதில் சொன்னார். "வீடு எங்க போகப்போகுது? காகிதம் மட்டும்தான் பேங்க்ல இருக்கும்."

"உன்னைக் கேக்கலடா. அவங்களைக் கேட்டேன்."

"கம்பெனி ஒழுங்கா கட்டினா ஒண்ணும் ஆகாது," என்றேன். எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம். பொய் கிடையாது. பாதியை மட்டும் சொல்லும் வாக்கியம்.

அவர்கள் போனபிறகு மேலாளரின் அறைக்குப் போனேன். என்னைவிட வயதில் சின்னவர். காலாண்டு முடியப் போகிறது, கொடுக்க வேண்டிய கடனின் இலக்கில் பாதிகூடத் தொடவில்லை. அந்தக் கவலையை மறைக்க அடிக்கடி ஜோக் அடிப்பார்.

"வீட்டு மதிப்பு பாத்தீங்களா மேடம்? கேக்கற கடனைவிட ரெண்டு மடங்கு."

"வீடு நல்லாதான் இருக்கு சார். கணக்குதான் நல்லா இல்ல."

"கணக்கு ஃபைலுக்கு. வீடு நமக்கு."

"அப்ப நான் எதுக்கு?"

"ஃபைலைத் தைக்கிறதுக்கு யாராவது வேணாமா?" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சுதாரித்தார். "கோவிச்சுக்காதீங்க. போய் அவங்க கோடவுனைப் பாத்துட்டு வாங்க. ஸ்டாக் குறைஞ்சா என்கிட்ட வந்து சண்டை போடுங்க. குறையலைன்னா வெள்ளிக்கிழமை கையெழுத்து."

குறையும் என்று நம்பித்தான் போனேன். அப்படி நம்புவது என் வேலைக்கு அழகில்லைதான். ஆனால் இதுவரை பார்த்த கோடவுன்கள் அப்படி. முன்வரிசையில் பெட்டி இருக்கும், நடுவில் காற்று இருக்கும். வெளியே மட்டும் அடுக்கி உள்ளே குழி விடுவார்கள். காலிப் பெட்டியை ஒட்டி வைப்பார்கள். ஒரு இடத்தில் பெட்டிக்குள் செங்கல் இருந்தது.

தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். அட்டைப்பெட்டி வாசனையும், மோட்டார்ச் சுருளுக்குப் பூசும் வார்னிஷ் வாசனையும் கலந்து தொண்டையைக் கரகரக்க வைத்தன. வாசலிலிருந்து கூரை வரைக்கும் பெட்டிகள். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு மட்டும் வழி. ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் வழுக்கைத் தலை, காதில் பேனா. பார்வைக்கே உற்சாகமான ஆள்.

"நடுவுலேருந்து ஒரு பெட்டி எடுங்க," என்றேன்.

எடுத்தார். திறந்தார். ஃபேன் இருந்தது.

"அதுக்குப் பின்னாடி."

அதிலும் இருந்தது. மேலே ஏறி, பின்சுவரை ஒட்டி இருந்ததையும் எடுக்கச் சொன்னேன். அதிலும் இருந்தது.

"வேணும்னா ஓட்டியே காட்டறேன் மேடம்," என்றார். "வர்ற காத்தைப் பேங்க் கணக்குல வெச்சுக்கங்க."

வரிசை வரிசையாக எண்ணினேன். கம்பெனி எங்களுக்குக் கொடுத்த சரக்குப் பட்டியலோடு ஒப்பிட்டேன். குறையவில்லை. சரியாகவும் இல்லை. பட்டியலில் சொன்னதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. கூரைச் சூட்டில் எனக்குத்தான் கணக்கு தப்பிவிட்டதோ என்று மறுபடி எண்ணினேன். கூடுதல்தான்.

மேலாளருக்குப் போன் போட்டேன்.

"கூடவா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் வாய்விட்டுச் சிரித்தார். "மேடம், குறைஞ்சா திருட்டு, கூடினா புண்ணியம். இவ்வளவு நேர்மையான ஆளையா சந்தேகப்பட்டீங்க? கிளம்பி வாங்க."

நான் கிளம்பவில்லை. குறைவு எனக்குப் புரியும். விற்றிருப்பார்கள், திருடியிருப்பார்கள், இல்லாததை எழுதியிருப்பார்கள். கையில் இருக்கிற சொத்தைக் கடன் கேட்கிற இடத்தில் எவனாவது குறைத்துச் சொல்வானா? அதுவும் இந்த முதலாளி?

"பட்டியல் குடுத்த பிறகு நிறைய உற்பத்தி ஆச்சா?" என்று ஸ்டோர்காரரைக் கேட்டேன்.

"எங்க மேடம்? மோட்டார் காயில் வராம லைன் ரெண்டு வாரமா நிக்குது."

அப்போதுதான் பெட்டிகளைப் பெட்டிகளாகப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் இயந்திரம் இறுக்கிக் கட்டிய நீலப் பட்டை இருந்தது. மற்றவற்றில் பட்டை இல்லை. பழுப்பு டேப், அதுவும் கையால் ஒட்டியது, கோணல்மாணலாக. ஒரு பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சீட்டைச் சுரண்டிய தடம் இருந்தது. பக்கத்துப் பெட்டியில் சுரண்ட மறந்துவிட்டார்கள். ஒரு கடையின் விலைச்சீட்டு, பாதி கிழிந்து, ஒட்டிக்கொண்டிருந்தது.

தொழிற்சாலையை விட்டு வெளியே போகாத ஃபேனுக்குக் கடை விலை எப்படி வந்தது?

"இதெல்லாம் என்ன?"

"அதுவா? டீலருங்க திருப்பி அனுப்பினது. பழுதெல்லாம் இல்ல மேடம், நல்ல பீஸ். விக்கலைன்னு அனுப்பிட்டாங்க."

"எப்பலேருந்து?"

"வருஷக் கணக்கு முடிஞ்ச கையோட லாரி லாரியா வர ஆரம்பிச்சுது." குரலைத் தாழ்த்தவில்லை. தன் வேலையைப் பற்றிப் பெருமையாகவே பேசினார். "வழக்கமா இதை இங்க வைக்க மாட்டோம். வேற இடத்துல கிடக்கும். பேங்க்லேருந்து வராங்க, ஒரு மூலைகூடக் காலியா தெரியக் கூடாதுன்னு முதலாளி சொன்னாரு. அதான் ஆளை வெச்சு அங்கேருந்து அள்ளிட்டு வந்து ரொப்பினோம். இன்னும் பாதி அங்கதான் இருக்கு."

"அங்கன்னா எங்க?"

அதற்குள் முதலாளி இரண்டு குளிர்பானப் பாட்டில்களோடு வந்துகொண்டிருந்தார். ஸ்டோர்காரர் காதிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார்.

"என்ன மேடம், எவ்வளவு குறையுது?" முதலாளி கிண்டலாகக் கேட்டார்.

"குறையல. கூடுது."

ஒரு கணம் அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. பிறகு கரண்ட் போன ஃபேன் மாதிரி அது மெதுவாகச் சுற்றி நின்றது. என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கே குறைந்து தெரியுமோ என்ற பயத்திலேயே மூன்று வருடம் இருந்தவர், கூடினால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசித்திருக்கவில்லை.

விஷயம் இதுதான். வருடக் கடைசியில் டீலர்களுக்கு வேண்டுமோ வேண்டாமோ, ஃபேன்களை ஏற்றி அனுப்பிப் பில் போட்டிருக்கிறார்கள். விற்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருப்பார்கள். பில் போட்டதும் அது விற்பனை, அதில் லாபம், டீலரிடம் வரவேண்டிய பாக்கி. கணக்கு முடிந்ததும் ஃபேன்கள் திரும்பி வந்துவிட்டன. வந்ததை எழுதினால் விற்பனையை அழிக்க வேண்டும், லாபத்தை அழிக்க வேண்டும். அதனால் எழுதவில்லை. காகிதத்தில் அந்த ஃபேன்கள் இன்னும் டீலரிடம் இருக்கின்றன. நிஜத்தில் என் முன்னால் இருக்கின்றன. விற்ற மாட்டையே மறுபடி சந்தையில் நிறுத்தி, அதன் பேரில் எங்களிடம் கடன் கேட்கிறார்கள்.

குளிர்பானத்தை நான் தொடவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

மேலாளரிடம் சொன்னபோது அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

"உறுதியா தெரியுமா?"

"பெட்டியில கடை விலை ஒட்டியிருக்கு சார்."

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் சுழற்றிக்கொண்டார். சரி, கதை முடிந்தது, கடன் இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"பழைய கடன் என்ன ஆகும்?" என்றார்.

"ரெண்டு மாசமா வட்டி இழுத்துக்கிட்டுதான் இருக்கு. அடுத்த மாசமும் இழுத்தா வாராக்கடன்."

"அதுக்கு நம்மகிட்ட என்ன பாதுகாப்பு இருக்கு?"

"சரக்கும் டீலர் பாக்கியும்."

"அதாவது ஒண்ணுமில்ல." சுழன்று என் பக்கம் திரும்பினார். "மேடம், இப்பதான் அந்த வீடு நமக்கு ரொம்ப வேணும். ஜாமீன் பத்திரத்துல பழைய கடனும் சேர்ந்துதான் வரும். புதுக் கடன்லேருந்து பழைய வட்டியைக் கட்டிடுவான். கணக்கு சுத்தமாகிடும். அப்புறம் கம்பெனி நின்னாலும் விழுந்தாலும் நமக்கு நஷ்டம் இல்ல."

"அந்த அம்மாவுக்கு யார் சொல்றது?"

"ஜாமீன் பத்திரத்தைப் படிச்சுக் காட்டறது உங்க வேலைதானே? படிங்க. பத்திரத்துல இருக்கறதை மட்டும் படிங்க."

கம்பெனி என்னை ஏமாற்றப் பார்க்கிறது என்று மூன்று வாரமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சம்பளம் கொடுக்கிற இடத்தை அந்த மாதிரி நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. ஜாமீன் போடுகிறவரைக் கடன் வாங்குகிறவர் இல்லாமல் தனி அறையில் உட்கார வைத்து, பத்திரத்தை ஒரு அதிகாரி வாய்விட்டுப் படிக்க வேண்டும். முடிந்ததும் அவர் தன் கையால் "படித்துக் காட்டினார்கள், புரிந்துகொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் எவராவது கோர்ட்டில் போய் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது, அதற்காக ஏற்பட்ட வழக்கம். எங்களைக் காப்பாற்றத்தான். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். படிக்கிறவரும் கேட்பதில்லை, கேட்கிறவரும் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை அந்த அறையில் அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டாம்ப் பேட். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தம்பி போனில் பேசிக்கொண்டே உலாத்தினார்.

படிக்க ஆரம்பித்தேன். "கடன் பெற்றவர் தற்போது செலுத்த வேண்டியதும், இனிமேல் செலுத்த வேண்டி வருவதுமான எல்லாத் தொகைகளுக்கும்..."

"நிறுத்துங்க. தற்போதுன்னா? ஏற்கெனவே கடன் இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

சொன்னேன்.

"புதுசாத்தான் வாங்கறேன்னு சொன்னான்." கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்த வரியை மட்டும் ஏன் அழுத்திப் படிச்சீங்க?"

"எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் படிக்கிறேன்."

"இல்ல. குரல் மாறிச்சு." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "தம்பி அப்பவே சொன்னான். கடைசி நேரத்துல அந்த மேடம் ஏதாவது முட்டுக்கட்டை போடும், கவர் எதிர்பாக்கற ஆளுன்னு. எவ்வளவு வேணும்? நேரா சொல்லிடுங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா."

"வேணாம்கறவங்கதான் கூடக் கேப்பாங்க."

கோபம் வந்தது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், ஜாமீன்தாரரிடம் கேட்க வேண்டிய வழக்கமான கேள்விகளுக்குத் தாவினேன். "கீழ்த்தளத்துல வாடகை வருதுன்னு போட்டிருக்கு. இப்ப யார் குடியிருக்காங்க?"

"யாரும் இல்ல. இருந்தவங்களைத் தம்பி காலி பண்ண வெச்சுட்டான். வாடகையை நானே தர்றேன்னான்."

"தர்றாரா?"

"தரலை. கூடப் பிறந்தவன்கிட்ட வாடகையைக் கறாரா கேக்க முடியுமா? யாவாரம் அவ்வளவு நல்லா நடக்குது, கோடவுன்ல இடமே இல்ல, கொஞ்ச நாள் ஃபேன் பெட்டியை வெச்சுக்கறேன்னான். மாடிப்படி வரைக்கும் அடுக்கியிருக்கு. நான் ஒருக்களிச்சுத்தான் மேல ஏறணும். போன வாரம் ஆளுங்க வந்து பாதியை எடுத்துட்டுப் போனாங்க. சரி, வித்துப்போச்சுன்னு நினைச்சேன்."

பேனாவைக் கீழே வைத்தேன். ஸ்டோர்காரர் சொல்லாமல் விட்ட இடம் இதுதான். தன் வீட்டை விழுங்கப் போகிற சரக்குக்கு இந்த அம்மாள் தன் வீட்டிலேயே இடம் கொடுத்திருக்கிறார், அதுவும் வாடகை இல்லாமல்.

ஃபைலிலிருந்து பேலன்ஸ் ஷீட்டை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். இதைக் காட்டச் சொல்லி எந்த விதியும் இல்லை. வாடிக்கையாளரின் கணக்கை வெளியாருக்குக் காட்டினாய் என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்ப விதி இருக்கிறது.

"இந்த வரியைப் பாருங்க. கடைக்காரங்களுக்கு ஃபேன் வித்திருக்கேன், அவங்ககிட்டேருந்து இவ்வளவு பணம் வரணும்னு உங்க தம்பி எழுதியிருக்கார். இதை நம்பித்தான் கம்பெனி லாபத்துல ஓடுதுன்னு சொல்றார். அந்த ஃபேன்ல பாதி உங்க மாடிப்படிகிட்ட இருக்கு. மீதி போன வாரம் உங்க வீட்டுலேருந்துதான் கோடவுனுக்குப் போச்சு, நான் எண்ணிப் பாக்கறதுக்காக."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார். "கடைக்காரங்க பணம் தர மாட்டாங்களா?"

"சரக்கைத் திருப்பிக் குடுத்தவன் எதுக்குத் தருவான்?"

"இவனுக்குத் தெரியுமா இது?"

"கீழ கையெழுத்து அவரோடது."

"பேங்குக்கு?"

நான் பத்திரத்தின் பக்கங்களைத் தட்டி அடுக்கினேன்.

"தெரியும்," என்றார் அவர். "தெரிஞ்சுதான் என்னை உக்கார வெச்சுப் படிக்கிறீங்க. முழுகறவன் கழுத்துல என் வீட்டைக் கட்டி விடறீங்க. அவன் போனாலும் வீடு உங்க கையில நிக்கும்." மேலாளர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு யோசித்துக் கண்டுபிடித்ததை இந்த அம்மாள் மூச்சு விடும் நேரத்தில் கண்டுபிடித்தார். வீடு அவருடையது, அதனால் இருக்கலாம். "சரி, நீ ஏன் இதைச் சொல்றே? உனக்கு இதுல என்ன?"

"கணக்கு தப்பா இருக்கு. அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை. அவர்மேல் இரக்கப்பட்டுச் சொன்னேனா, மேலாளர்மேல் இருந்த எரிச்சலில் சொன்னேனா, நான் நினைத்ததுதான் சரி என்று யாரிடமாவது நிரூபிக்க வேண்டியிருந்ததா, இன்றைக்கும் தெரியாது.

அவர் எழுந்து கதவைத் திறந்தார். தம்பி போனைக் காதிலிருந்து எடுத்தார். "முடிஞ்சுதாக்கா?"

"கீழ் வீட்டுச் சாவியைக் குடு."

"என்ன?"

"சாவிடா. நாளைக்கு உன் பெட்டியெல்லாம் வெளிய போகணும்."

"அக்கா, இங்க வேணாம். வீட்டுல பேசிக்கலாம். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. உன் கணக்கை மட்டும்தான் யாரும் பாக்கக் கூடாதா?"

கூடத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். தம்பி சட்டைப் பையைத் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு தனியாக வெளியே நடந்தார். முதலாளி என் பக்கம் வந்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன்.

"நல்ல ஃபேன் மேடம்," என்றார். "ஒண்ணுகூடப் பழுது இல்ல. ஒரு வெயில், ஒரே ஒரு வெயில் சரியா அடிச்சிருந்தா எல்லாத்தையும் வித்திருப்பேன். அப்புறம் இந்தக் கணக்கு நிஜமாயிருக்கும்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். பொய்க் கணக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். அடுத்த வருடத்திடம் கைமாற்று வாங்குவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

மாலையில் மேலாளர் கூப்பிட்டார். அறையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும், தெரிந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஃபைலை என் பக்கம் தள்ளினார். "ஜாமீன்தாரர் சொந்தக் காரணங்களால் விலகிக்கொண்டதால் விண்ணப்பம் முடிக்கப்படுகிறது" என்று தட்டச்சு செய்திருந்தது.

"திரும்பி வந்த சரக்கு சார்?"

"அதை எழுதினா பழைய கடனை இன்னைக்கே வாராக்கடன்னு காட்டணும். காலாண்டு முடியட்டும்."

"அப்ப நம்ம கணக்கும் ஃபேன் கம்பெனி கணக்கும் ஒண்ணுதானா?"

"மேடம்," என்றார். பேனாவை நீட்டினார்.

அந்த வரியின் கீழ் நான் கையெழுத்துப் போடவில்லை. கோடவுனில் பார்த்ததை அறிக்கையாக எழுதி, அங்கே போனில் எடுத்த, விலைச்சீட்டு ஒட்டிய பெட்டியின் படத்தையும் வைத்து ஃபைலில் சேர்த்தேன். அது இன்னும் அங்கே இருக்கிறதா என்று தெரியாது. இன்னொரு பிரதி என் வீட்டில் இருக்கிறது. எங்கே என்று வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அக்கா தனியாக வந்தார். என் எதிரே உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்தார்.

"என் வீட்டுப் பத்திர நகல் உங்ககிட்ட இருக்கில்ல? அது எனக்கு வேணும்."

"அது சும்மா ஜெராக்ஸ்தாம்மா. அதை வெச்சு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"பண்ண முடியாதுன்னா நீங்க எதுக்கு வெச்சிருக்கீங்க?"

ஃபைலிலிருந்து நகலை உருவிக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "கிழிங்க."

கிழித்தேன். குப்பைக் கூடையில் போடப் போனபோது கையை நீட்டினார். "அதையும் குடுங்க." துண்டுகளை வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பீங்களே?"

"ஏத்தியிருக்கு."

"அதை எப்படிக் கிழிப்பீங்க?"

திரையை அவர் பக்கம் திருப்பி, அவர் பெயரில் இருந்ததைத் தேடி, அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். திரை வெறுமையானது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற எங்கயும் இருக்காதுல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்து போயிருப்பார்.

"இருக்கும்," என்றேன். "தலைமை அலுவலகத்துல ஒரு பிரதி இருக்கும்."

அந்த அம்மாள் முதல் தடவையாக நான் சொன்னதை நம்பித் தலையாட்டினார். பிறகு பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"விலாசம் எழுதிக் குடு."